பேரா? அது வந்து...

பியோன் சாங்குன் அவர்களுக்கு,

பாருங்க, உங்க பேரை முழுசா எழுதிட்டேன்.

பதினஞ்சு நாள் ஐரோப்பா சுத்தினோமே, ரோம்ல நான் ஒண்ணும் தொலைஞ்சு போகல. தூணுக்குப் பின்னாடிதான் நின்னுட்டிருந்தேன். எப்பவும் போல மகன் பேரைச் சொல்லி, "உஜின் அம்மா! உஜின் அம்மா!"ன்னு தொண்டை கிழியக் கத்தினீங்க. அங்க வந்த போலீஸ்காரர் நீட்டின போன், அவர் பேச்சை மொழிபெயர்த்து, "மனைவி பேரு என்ன?"ன்னு கொரிய மொழியில கேட்டுச்சு.

"பேரா? அது வந்து... நீலப் பெட்டி வச்சிருப்பா. அதுலதான் என் ராமியோன் நூடுல்ஸ் எல்லாம் இருக்கு"ன்னீங்க.

அந்தப் போலீஸ்காரரைப் பார்க்கப் பாவமா இருந்துச்சு. அதான் வெளியே வந்தேன்.

பெட்டியை நான் எடுத்துட்டுப் போறேன். நூடுல்ஸ் அடுப்பு மேல இருக்கு. வெந்நீர் வைக்கத் தெரிஞ்சா சாப்பிடுங்க.

கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கேன். பேரு ஞாபகம் வந்தா நீங்களே போட்டுக்கோங்க.

இப்படிக்கு,
....................