மகளைக் கபடிக்கு விட்டது

என் அன்பு மனைவிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

மூன்று விடயங்கள் எழுதுகிறேன்:
1. மகளைக் கபடிக்கு விட்டது ஏன்.
2. அவள் இப்போது எப்படி இருக்கிறாள்.
3. நீ மதுரங்குளியில் உன் தங்கச்சி வீட்டில் ஆறுதலாக இருந்துவிட்டு வரலாம்.

வலைப்பந்துப் போட்டிகள் முடிந்த பிறகும் பஹ்மா தோல்வியையே நினைத்துக்கொண்டிருந்தாள். பந்தைத் தொடவே மறுத்தாள். அடுத்த பருவம் வரை வேறு விளையாட்டு ஆடட்டும் என்று பயிற்சி டீச்சர் சொன்னதால் சம்மதித்தேன். கை கால் உடையும் என்று நீ கோபித்துப் புறப்பட்டபோது, இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வலைப்பந்தில் எதிராளியைத் தொடக்கூடாதல்லவா? முதல் நாள் எதிரணிப் பிள்ளை கபடி பாடிக்கொண்டு வர, இவள் அந்தப் பழக்கத்தில் தள்ளி நின்று இரு கைகளையும் உயர்த்தினாள்.

"பிடிக்கச் சொன்னா துஆ கேக்கிறியாடி?" என்று கூட்டாளிமார் சிரித்தார்கள்.

நேற்று ஒருத்தியின் காலைப் பாய்ந்து பிடித்தாள். வாயெல்லாம் மணலோடு எழும்பிச் சிரித்தாள். காயம் இல்லை, இரண்டு தரம் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் வலைப்பந்துக்குக் காற்றடிக்கச் சொன்னாள்.

"உம்மா எப்ப வருவா, வாப்பா?"

"கோபம் ஆறினதும்."

"வந்தா கால்ல பிடிச்சிருவேன். திரும்பப் போக ஏலாது."

எழுதியதை வாசித்துப் பார்த்தேன். மூன்றாவது பிழை. ஆறுதலாக வேண்டாம், நாளைக்கே வா.

உன் கணவன்