ஷாடி என்றொரு சொல்

ஐப்பசி, புதன் இரவு

எங்கள் கம்பெனி அனுப்பிய சாம்பிள் ‘ஷாடி’யாக இருக்கிறது என்று பனியன் வாங்கும் வெளிநாட்டு பையரிடமிருந்து இன்று மெயில் வந்தது. எனக்குத் தெரியாத சொல். போனில் தேடினேன். மட்டமானது என்று அர்த்தம். அதோடு விட்டிருக்கலாம். கீழே அதன் பூர்வீகமும் இருந்தது. முன்பு இங்கிலாந்தில் பழைய கம்பளித் துணிகளைக் கிழித்து, மறுபடி நூலாக்கி நெய்த துணிக்குத்தான் ஷாடி என்று பெயராம். அது சீக்கிரம் நைந்துபோனதால், மட்டமான எல்லாவற்றையும் அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். பிழைப்புக்குச் செய்த வேலையை வசவாக்கிவிட்டார்கள்.

எனக்கு என் வீட்டுக்காரர் ஞாபகம்தான் வந்தது. பல்லடம் ரோட்டு குடோனில் பனியன் வெட்டுத்துணியை நிறம் நிறமாகப் பிரிப்பவர். அதுவும் நூலாகி, சாயம் போடாமலே போர்வையாகிறது.

இவரிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். சோறு போடும்போது வாய் நிற்கவில்லை. முகம் வாடிவிடும் என்று பார்த்தால் சிரித்தார்.

“அப்ப அங்கயும் நம்மளாட்ட ஆளுக இருந்திருக்காங்க.”

“ஆமாங்க.”

“நெறம் பிரிச்சுத்தான் போட்டிருப்பாங்களா கண்ணு?”

“அதப் பத்தி அந்தப் பக்கத்துல எழுதலீங்க.”

“தூசிக்கு மூஞ்சீல துணி கட்டியிருப்பாங்களா?”

அதுவும் அதில் எழுதியிருக்கவில்லை. நாளைக்குத் தேடிப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னேன். இவர் கட்டுவதில்லை. மூச்சு முட்டுகிறதாம்.

இப்போது தூங்குகிறார். தூக்கத்திலும் இருமுகிறார். நாளை வரை பொறுக்காமல் அந்தப் பக்கத்தை மறுபடி திறந்து பார்த்தேன். சொல் எங்கிருந்து வந்தது என்று விவரமாக இருக்கிறது. அந்த ஆட்கள் என்ன ஆனார்கள் என்று ஒரு வரிகூட இல்லை.