நேராக ஏறிய கோடு

பிப்ரவரி 4

அன்புத் தங்கைக்கு,

இங்கு மற்றவர்கள் நலம். என் மகளின் புழுவெட்டுக்கு மருத்துவர் தரும் மாத்திரையால் முடி வளர்கிறது. ஆனால் அதனாலேயே அடிக்கடி தொற்றும் காய்ச்சலும் வருகின்றன; அப்போதெல்லாம் சில வாரங்கள் மாத்திரையை நிறுத்துகிறோம். தன் உடலே தன் மயிர்க்கால்களைத் தாக்கும் இந்நோயில், மருந்தை எந்த அளவு வரை குறைத்தாலும் முடி நிற்கும் என்பதை, கணித ஆய்வாளரான உன் சமன்பாடுகள் முன்கூட்டியே கணிப்பதாக மருத்துவரே வியக்கிறார். பெருமையாக இருந்தது. நீ கேட்டபடி அவள் தலையின் படங்களையும் இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் இணைத்துள்ளேன். பாதியாகக் குறைக்கலாம் என்று உன் கணக்கு கூறுமாயின் மகிழ்வேன். இது வற்புறுத்தல் அன்று.

உன் அண்ணன்

பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

வற்புறுத்தல் அன்று என்று நீங்கள் எழுதினால்தான் எனக்குப் பயமே! பாதியாக்கலாம் என்றுதான் கணக்கில் வந்தது. ஆனால் மருத்துவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. காய்ச்சலுக்காக மாத்திரையை நிறுத்திய வாரங்களில் முடி கொஞ்சமாவது உதிர்ந்திருக்க வேண்டும். உங்கள் படங்களின்படி வரைந்தால் கோடு நேராக ஏறிக்கொண்டே போகிறது. யார் தலையும் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது. கட்சிக்காரருக்குச் சாதகமானவற்றை மட்டும் தாக்கல் செய்தீர்களா, வக்கீல் சார்? மீதிப் படங்கள் எங்கே? இதை நம்பிப் பாதியாக்கியிருந்தால் வளர்ந்ததெல்லாம் கொட்டியிருக்கும். கோபமாகத்தான் எழுதுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

உங்கள் தங்கை

மார்ச் 2

அன்புத் தங்கைக்கு,

ஆம், விலக்கி வைத்தேன். இத்தகைய குறுக்கு விசாரணையை எந்த நீதிமன்றத்திலும் நான் சந்தித்ததில்லை. தலையை நேரில் பாராமலே, வராத படங்களை ஒரு சமன்பாடு கேட்டு வாங்கும் என்று நினைக்கவில்லை. அவள் காய்ச்சலில் நடுங்கியதைப் பார்த்தபின் எனக்கு வேண்டிய தீர்ப்பை நானே எழுதிவிட்டு, அதற்கேற்ற சாட்சியங்களைப் பொறுக்கியிருக்கிறேன்.

உன் கடிதத்தை அவளும் படித்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். “அத்தைகிட்ட ஏம்ப்பா கேஸ் நடத்துறீங்க? அவங்க நம்ம பக்கம்தானே? முடியும் என்னுது, காய்ச்சலும் என்னுது. சொட்டை தெரியுற போட்டோவப் பாத்து அழுறது மட்டும்தான் உங்க பங்கு” என்றாள். 

மீதிப் படங்களை அவளே தேடி எடுத்தாள்; கண்ணாடி முன் நின்று புதிதாகவும் சில எடுத்தாள். நீ சொல்லும் அளவை மருத்துவர் ஏற்றால் அவளுக்குச் சம்மதம். எனக்கும்.

உறையை ஒட்டி என்னிடம் தந்திருக்கிறாள். உள்ளே இருப்பவற்றை நான் பார்க்கவில்லை.

உன் அண்ணன்