பெல்ட்டைக் கழற்றிப் பார்க்கச் சொன்னவருக்கு

என் வணக்கத்துக்கும் நன்றிக்கும் உரிய சூசை அண்ணாச்சி,

நீங்கள் மறைந்து முப்பத்தொரு நாள் ஆகிறது. பனியன் துணி பின்னும் நம் நிட்டிங் கம்பெனி வாசலில் உங்கள் படம் போட்ட பிளக்ஸ் இன்னும் நிற்கிறது. ‘எங்கள் நிறுவனத்தின் தூண்’ என்று எழுதியிருக்கிறார்கள். முதலாளியின் படம் உங்கள் படத்தைவிடச் சற்றுப் பெரியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே வாசல் வழியாகத்தான், எலெக்ட்ரீஷியனாக இருந்த உங்களை வேலையை விட்டு வெளியே அனுப்பினார்கள். இல்லை, அனுப்பினோம். அந்தக் கடிதத்தில் மேலாளர் என்று கையெழுத்திட்டவன் நான்.

அதைச் சொல்லும் முன் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்; நேரில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

மின்பொறியியல் பட்டம் பெற்றவன் நான். ஆனால் இண்டக்‌ஷன் மோட்டார் எப்படிச் சுற்றுகிறது என்பதை என் கண்முன் காட்டியவர் நீங்கள். எங்கள் வீட்டுக் கிரைண்டர் உறுமிக்கொண்டே சுற்றாமல் நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? நீங்கள் அதைப் பிரித்துப் போட்டிருந்தீர்கள். என் மனைவி சரோஜா எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

“ஏனுங்கண்ணா, உள்ள இருக்கற உருளைக்கு ஒரு ஒயருகூடப் போகலியே, அப்புறம் எப்படிங்கண்ணா சுத்துது? இவரக் கேட்டா பேப்பர எடுத்துக் கணக்குப் போடறாருங்க.”

“தம்பி படிச்சவரு, கணக்குத்தான் போடுவாரு. நீங்க ஒரு அண்டாவுல தண்ணி கொண்டாங்கம்மா.”

தண்ணீரில் ஓர் அலுமினிய மூடியை மிதக்கவிட்டீர்கள். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை அதில் வைத்துக் காட்டினீர்கள், ஒட்டவில்லை. பிறகு காந்தத்தை நூலில் கட்டி, முறுக்கி, மூடிக்கு மேலே தொடாமல் சுழலவிட்டீர்கள். மூடியும் மெல்லத் திரும்பி, காந்தம் போன பக்கமே சுற்றத் தொடங்கியது. சரோஜா வாயில் கைவைத்துக்கொண்டாள்.

“மில்லு மோட்டார்ல காந்தத்தை யாரும் சுத்தலம்மா. மூணு பேஸ் கரண்டு ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வந்து சுருள்ல ஏறி இறங்குது. அது காந்தமே சுத்துத மாதிரி ஆயிருது. உள்ள இருக்க அலுமினியக் கூண்டுல அதுவே கரண்டை உண்டாக்கி, தன் பின்னால இழுத்துட்டுப் போவுது.”

“எப்பவாச்சும் எட்டிப் புடிச்சிருமாங்கண்ணா?”

“பிடிச்சிட்டா அப்புறம் இழுவை ஏது? கொஞ்சம் பிந்தி ஓடுததுலதான் அதுக்குப் பலமே. உங்க கிரைண்டருக்கு வாரது ஒத்த பேஸு. அது தானா கிளம்பாது, தள்ளிவிட ஆள் வேணும். அந்த ஆளு இந்தக் கண்டன்சர்தான். இதுதான் போயிருக்கு.”

நான்கு ஆண்டு கல்லூரியில் எழுதிய சமன்பாடுகள் அந்த அண்டாத் தண்ணீரில்தான் எனக்கு உயிர் பெற்றன. அன்றிலிருந்து அவிநாசிப் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்று மோட்டார், மங்கலத்து விசைத்தறி, சாயப்பட்டறை, நம் கூடத்துக் கம்ப்ரஸர் என எதைக் கேட்டாலும் அந்த மூடி நினைவுக்கு வருகிறது. தேய்வதற்குப் பிரஷ் இல்லை, தெறிப்பதற்குப் பொறி இல்லை. பஞ்சுத் தூசி பறக்கும் கூடத்தில் நூறு பேர் அச்சமின்றி வேலை செய்ய அதுவும் ஒரு காரணம் என்று சொன்னவரும் நீங்கள்தான்.

அந்த மோட்டாருக்குத் தன் திசை தெரியாது என்பதையும் சொன்னீர்கள். மூன்று ஒயரில் எந்த இரண்டு இடம் மாறினாலும் அது மறுபேச்சில்லாமல் எதிர்ப்பக்கம் சுற்றும். பம்ப் என்றால் தண்ணீர் ஒழுங்காக ஏறாது, அவ்வளவுதான். சுற்றும் திசையைத் தானே காக்கும் இன்வெர்ட்டர் இல்லாத நம் பழைய நிட்டிங் மெஷின் எதிர்ப்பக்கம் சுற்றினால் ஊசிகள் முறியும். அதனால்தான் ஒவ்வொரு மோட்டாரின் மூடியிலும் மஞ்சள் பெயின்ட்டில் அம்புக்குறி வரைந்து வைத்தீர்கள்.

உங்களை அனுப்பிய அன்று, வெளியே டிரான்ஸ்பார்மர் மாற்றி மின்சாரம் வந்தது. கூடத்தில், துணி வாங்க வந்த வெளிநாட்டு பையர்கள் நின்றார்கள். முதலாளி மெஷினை ஓட்டச் சொன்னார்.

“ஒரே ஒரு மெஷின்ல பெல்ட்டைக் கழட்டி, சுவிட்சை ஒரு தட்டு தட்டி, மோட்டார் மட்டும் எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாத்திருதேன் சார். லைன் மாறியிருந்தா எல்லாமே மாறியிருக்கும். அஞ்சு நிமிசம்.”

“பையருக முன்னால மெஷினக் கழட்டிப் போட்டு மானத்த வாங்கறியாப்பா? போடு சுவிட்ச.”

“பாக்காமப் போட மாட்டேன் சார்.”

முதலாளி உங்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். “மேனேஜர், இவுருக்குக் கணக்கு முடிச்சு அனுப்பீருங்க.” நான் வாயைத் திறக்கவில்லை. ‘உத்தரவை மீறியமை, கடமை தவறியமை’ என்று தட்டச்சு செய்து கையெழுத்திட்டேன்.

நீங்கள் அறியாதது இதுதான். நீங்கள் வாசலைத் தாண்டிய பிறகு, பையர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில், நானே ஒரு பெல்ட்டைக் கழற்றி, சுவிட்சைத் தட்டி மோட்டாரை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். உங்கள் அம்புக்குறி ஒரு பக்கம் காட்டியது. மோட்டார் மறுபக்கம் சுற்றியது. மெயின் சுவிட்சில் இரண்டு ஒயரை இடம் மாற்றினேன். மெஷின்கள் ஒழுங்காக ஓடின. “பாத்தீங்களா, ஒண்ணும் ஆகல” என்றார் முதலாளி. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் வெள்ளகோவிலில் வேறு மில்லில் சேர்ந்து, அங்கேயே நெஞ்சுவலியில் மறையும்வரை திறக்கவில்லை. அந்த ஐந்து நிமிடம் உங்களுடையது, அண்ணாச்சி. அதைத் திருடியவன் நான்.

சென்ற வாரம் மீண்டும் டிரான்ஸ்பார்மர் மாற்றினார்கள். இப்போதைய எலெக்ட்ரீஷியன் பிகாஷ், ஒடிசாக்காரர், இரண்டு குழந்தைகளின் தகப்பன். உங்களைப் பார்த்ததே இல்லை. ஆனால் உங்கள் அம்புக்குறியைத் தினமும் பார்க்கிறவர். அதற்கு மொழி தேவைப்படவில்லை. “ஒரு பெல்ட் நிகால்கே பாக்கணும் சார்” என்று, கழற்றுவதைக் கையால் காட்டி, அவர் ஸ்பேனரை எடுக்கும்போதே முதலாளி பொத்தானை அழுத்திவிட்டார். சட்டியில் பொரி வெடிப்பதுபோல் ஊசிகள் முறிந்தன.

மறுநாள் என் மேசைக்கு உத்தரவு வந்தது: பிகாஷுக்கு வேலைநீக்கக் கடிதம் அடியுங்கள், பழைய வாசகமே போதும்.

நான் கத்தவில்லை, அண்ணாச்சி. மேசையைத் தட்டவும் இல்லை. என் சினம் மிகவும் ஆறிப்போன சினம். அதனால்தான் எழுத்து நேராக வந்தது. பொத்தானை அழுத்தியது யார், தடுத்தது யார் என்று எழுதினேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்ததையும், பெல்ட்டைக் கழற்றி நான் கண்டதையும், கண்டும் மறைத்ததையும் எழுதிக் கையெழுத்திட்டு இன்று காலை நேரில் கொடுத்தேன்.

முதலாளி இரண்டு முறை படித்தார். “யோசிச்சுத்தான் எழுதுனீங்களா?”

“ரெண்டு வருசமா யோசிச்சேனுங்க.”

“இவன வச்சுக்கறதா, உங்கள வச்சுக்கறதான்னு நான் யோசிக்கோணும்.”

“யோசிங்க. ஆனா, அந்தப் பையன் பேர்ல ஒரு கடிதாசியிலயும் நான் கையெழுத்துப் போட மாட்டனுங்க.”

பதில் இன்னும் வரவில்லை. பிகாஷ் இன்று வேலைக்கு வந்திருக்கிறார். சரோஜாவிடம் சொன்னேன். “அண்ணன் இருந்தா ஒரு டீ வாங்கிக் குடுத்திருப்பாருங்க” என்றாள். வாங்கிக் கொடுத்திருப்பீர்களா? அல்லது, பிந்தி வந்தாலும் வந்தாயே தம்பி என்று சிரித்திருப்பீர்களா?

இந்தக் கடிதத்தின் ஒரு படியை உங்கள் பிளக்ஸுக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன். யார் கிழித்தாலும் மறுபடி ஒட்டுவேன். நான் இந்தக் கம்பெனியில் இருந்தாலும், வேறு கம்பெனிக்குப் போனாலும், மின்சாரம் மாறி வரும் நாளில் ஒரு பெல்ட் கழற்றப்படும். ஐந்து நிமிடம் எல்லோரும் காத்திருப்பார்கள். யாருக்காக என்று கேட்பவர்களிடம் உங்கள் பெயரைச் சொல்வேன்.

பிந்தி வந்த உங்கள் தம்பி,
சிவசாமி