என் ரத்தத்துக்கு உன்னைத் தெரியவில்லை, அக்கா

மோட்சத்தில் சம்மனசுகளின் சமையலிலும் உப்பு பார்த்துக் குறை சொல்லிக்கொண்டிருக்கும் என் ரோசி அக்காவுக்கு,

நலமா என்று உன்னைக் கேட்கப் போவதில்லை. செத்துப்போனவளிடம் அப்படிக் கேட்டால் பட்டாபிராமில் எனக்கு மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சப் பெயரும் போய்விடும். என் நலத்தைச் சொல்கிறேன். அதில் உனக்கும் பங்கு உண்டு. நீ கொடுத்த கிட்னி இன்னும் என் அடிவயிற்றின் வலப்பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அக்கா, என் உடம்பு இப்போது அதைத் துரத்தப் பார்க்கிறது.

என்னுடைய இரண்டும் ஒரே சமயத்தில் வேலைநிறுத்தம் செய்தபோது நீ சொன்னது நினைவிருக்கிறதா? "எனக்கு ரெண்டு கீதுடா. ஒண்ணு சும்மாதான் ஒக்காந்துகினு கீது. உனுக்குக் குடுத்தா அதுக்கும் ஒரு வேல கெடச்ச மாரி இருக்கும்." ஏதோ பரணில் கிடக்கும் பழைய மிக்ஸியைத் தூக்கிக் கொடுப்பதுபோலச் சொன்னாய். ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும், "நீ துன்ற பிரியாணிக்கெல்லாம் இனிமே நான்தான் கணக்கு சொல்லணுமா?" என்று திட்டவும் செய்தாய்.

போன தவக்காலத்தில் உன் இதயம் நின்றது. நீ ஒற்றைக் கிட்னியோடு இருந்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். உன் வீட்டுக்காரர் மாமாவிடம் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் அதைத்தான்.

உன் புருஷனைப் பற்றிக் கொஞ்சம் கோள் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் எல்லாரும் அவரவர் வீட்டாரின் கல்லறைக்குப் போவார்கள். உன் ஆள் நேராக என் வீட்டுக்கு வருவார். என்னை நாற்காலியில் உட்காரவைத்து, லுங்கிக்கு மேலே, உன் கிட்னி இருக்கும் இடத்தில் கையை வைத்து, கண்ணை மூடி ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்வார். "அங்க சில்லுன்னு சிமெண்டுதான் கீது மச்சான். இங்கன்னா அவ சூடாச்சும் கீறா." எதிர்வீட்டு பிலோமினா ஜன்னல் வழியாக இதைப் பார்த்துவிட்டு, "உன் வூட்டுக்காருக்கு இந்த வயசுல மாசமா?" என்று என் ஷீலாவிடம் கேட்டாளாம். இரண்டு நாள் நான் மீன் வாங்கக்கூட வெளியே போகவில்லை.

ஆபரேஷன் சமயத்தில் டாக்டரம்மா நமக்குச் சொன்ன பாடத்தை நீ மறந்திருக்க மாட்டாய். ரத்தத்தில் காவல்காரர்கள் இருக்கிறார்கள். நம் மிலிட்டரி கேட்டில் நிற்கும் சிப்பாய் மாதிரி. எத்தனை நாள் பார்த்துச் சிரித்த முகமானாலும் பாஸ் இல்லையென்றால் உள்ளே விடமாட்டார்கள். காய்ச்சல் கிருமிகளை அடித்து விரட்டி, நம்மை அன்றாடம் உயிரோடு வைத்திருப்பது அவர்கள்தான். ஆனால் உன் கிட்னியும் அவர்கள் கண்ணுக்கு அன்னியன். அதனால்தான் எனக்கு ஆயுசுக்கும் மாத்திரை: காவல்காரரை அரைத் தூக்கத்தில் வைத்திருக்க. நாம் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று அம்மாவுக்குத் தெரியும், உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். என் ரத்தத்துக்கு மட்டும் தெரியாது.

ஊரோ இப்போது எதிர்ப்பு சக்தி, எதிர்ப்பு சக்தி என்று அலைகிறது. பிஸ்கட்டில் இருக்கிறதாம், சோப்பில் இருக்கிறதாம். மாமாவின் காதிலும் விழுந்துவிட்டது. உன் கொல்லை வேலியில் படர்ந்திருக்கிறதே சீந்தில்கொடி, அதை நறுக்கி, மிளகு தட்டிப்போட்டு, தினமும் காலையில் ஒரு பாட்டில் கஷாயத்தோடு வந்து நின்றார். நீ இருந்தவரை தண்ணீர்கூடத் தானே மொண்டு குடிக்காத மனுஷன், அக்கா!

"மூஞ்சிய சுளிக்காத மச்சான், முழுங்கு. ஒரு சளி காய்ச்சல் வந்து அவளோடது கெட்டுப்போச்சுன்னா நான் இன்னா பண்றது?"

குடித்தேன். இலைதழைதானே, என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். அதோடு, நான் குடித்து முடிக்கும் வரை அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த முகத்துக்கு முன்னால் எப்படி வேண்டாம் என்பது?

பிறகு கால் வீங்கியது. ரத்தப் பரிசோதனை சரியில்லை. ஊசி விட்டு உன் கிட்னியில் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"வேற ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"கஷாயம், மேடம்."

"யாரு குடுத்தது?"

"எங்க மாமா."

"அவரு டாக்டரா?"

"இல்லீங்க. அம்பத்தூர்ல லேத் ஓட்டினவரு."

அவர் சிரிக்கவில்லை. "நாங்க மாத்திரை குடுத்து அந்தக் காவல்காரங்களத் தூங்க வெக்கிறோம். நீங்க தினமும் கஷாயம் ஊத்தி எழுப்பியிருக்கீங்க. இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இதுக்கும் பங்கு இருக்கலாம்."

ஊசிகள் போட்டார்கள். என் முகம் பூசணிக்காயாகி, ஷீலா என்னைக் கண்டாலே திருஷ்டி கழிக்கலாமா என்று யோசிக்கிறாள். காவல்காரர்கள் ஓரளவு அடங்கியிருக்கிறார்கள். ஆனால் கெட்டது கெட்டதுதானாம். பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சம் எத்தனை காலம் ஓடும் என்று கேட்டதற்கு டாக்டரம்மா மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய காலை, மாமா பாட்டிலோடு கேட்டருகில் நின்றிருந்தார். கசப்பு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாகப் பொய் சொல்லலாம் என்று ஆட்டோவிலேயே ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவர் என் வீங்கிய முகத்தைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார்.

"இதாலயா மச்சான்?"

"அடிச்சுச் சொல்ல முடியாதுன்னாங்க மாமா."

"அட்ச்சு சொல்ல வாணாம். மெதுவா சொல்லு."

வாயே மூடாதவன் என்று நீ எனக்குப் பட்டம் கொடுத்தாயே, அந்த வாயில் ஒரு நையாண்டியும் வரவில்லை. "இருக்கலாம்னாங்க," என்றேன். அவர் பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தார். தெருக்குழாயில் அதைக் கழுவினார். இனி எதற்கு அதைக் கழுவ வேண்டும்? கழுவி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு வரவில்லை. ஞாயிறும் வரவில்லை. கல்லறைக்கும் போகவில்லை என்று பிலோமினா சொன்னாள். இந்தத் தடவை அவளுடைய வம்பு எனக்குக் கசந்தது.

நேற்று நானே போனேன். வேலியில் சீந்தில் இல்லை. வேரோடு பிடுங்கி எறிந்திருக்கிறார். கதவைத் தட்டினால் ஜன்னல் திறந்தது. உன் பழைய கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு நின்றார்.

"உள்ள வராத. எனுக்கு சளி. உனுக்கு ஒட்டிக்கும்."

கம்பிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்.

"மிச்சம் எவ்ளோ கீது?"

"பாதிகூட இல்ல மாமா."

"கோச்சிகினு போறாளாடா?"

"அவ எங்க மாமா போறா? என் ஒடம்புதான் தொரத்துது."

ஆவடிப் பக்கம் ஒரு ரயில் போய் ஓய்ந்தது. பிறகு சொன்னார்: "அதுக்கு இன்னா தெரியும், பாவம். காவல் காக்குறோம்னுதான நென்ச்சிகினு கீது."

தன்னைத்தான் சொன்னாரா, என் ரத்தத்தைச் சொன்னாரா? நான் கேட்கவில்லை.

அக்கா, உன்னை நிறைய நாள் வைத்துக்கொள்வேன் என்று வாக்குக் கொடுக்க எனக்குத் தைரியமில்லை. மாத்திரையை வேளை தவறாமல் போடுவேன். சளி விட்டதும் மாமாவைக் கையைப் பிடித்து இழுத்து வருவேன். பிலோமினா என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும். உன் கிட்னி நிற்கும் நாள் வந்தால், டாக்டர் வாயால் அவர் அதைக் கேட்கக்கூடாது. நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வேன். மெதுவாகச் சொல்வேன்.

நீ பெறாமல் வளர்த்த தம்பி,
அந்தோணி