எட்டும் சரி, பத்தும் சரி

திருவண்ணாமலை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ரூக்ஸாருக்கு,

உன்னை ஃபெயிலாக்கியது உன் படிப்பு அல்ல, வாய்மொழித் தேர்வு எடுத்த அந்த டாக்டரின் திமிர். அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கருணையால் நானும் அப்பாவும் நலம், நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் எங்களுக்கு அதுவே பெரிய நலம். போனில் அழுததற்கு வெட்கப்படாதே. மார்க்கை மறைக்காமல் சொன்னாயே, அதற்கே நன்றி சொல்லி இரண்டு ரக்அத் தொழுதேன். ஆனால் மறுதேர்வு எழுத மாட்டேன், டாக்டர் படிப்பை விட்டு வந்துவிடுகிறேன் என்றாயே, அதுதான் நெஞ்சில் நிற்கிறது.

இடது நுரையீரலில் எத்தனை பகுதி என்று அவர் கேட்க நீ பத்து என்றாய், அவர் எட்டு என்றார், அதோடு விடாமல் உங்க வீட்டுக் கறிக்கடையில வேணும்னா பத்து தொங்கும்னு எல்லோர் முன்னாலும் சிரித்தாராம். கறியை வாங்கித் தின்கிறவர்களுக்கு நாற்றம் இல்லை, வெட்டுகிறவன் வீட்டுப் பிள்ளைக்குத்தான் நாற்றம். எது சரி என்று நானே எண்ணிப் பார்த்துவிட முடிவு செய்தேன். கிரிவலப் பௌர்ணமி என்பதால் நேற்று கறி வாங்க ஆள் குறைவு, வியாபாரம் கம்மி, விற்காத ஆட்டு நுரையீரல் ஒன்றை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஒவ்வொரு குழாயிலும் துடைப்பக் குச்சி விட்டு எண்ணினேன். பெரிய குழாய் இரண்டாகப் பிரிவதற்கு முன்பே வலது பக்கம் ஒரு குழாய் தனியாகப் போனது. நீ விட்டுப்போன நோட்டுப் படத்தில் அது இல்லை. உன் நோட்டும் தப்பு, அந்த ஆளும் தப்பு என்று கத்தினேன். கறி வாங்க வந்திருந்த கவியா, கீழ்பென்னாத்தூரில் மாட்டு டாக்டராக இருக்கிறாளே, விழுந்து விழுந்து சிரித்தாள். அக்கா, அது ஆட்டுக்குத்தான் இருக்கும், உங்க பொண்ணு ஆட்டுக்கா வைத்தியம் பார்க்கப் போறாளான்னு கேட்டாள்.

கேலியோடு போய்விடவில்லை அவள். வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து உன் படத்தை எனக்கு விளக்கினாள். மனிதருக்கு இடது பக்கம் இரண்டு இடங்களில் இரண்டிரண்டு கிளைகள் ஒரே அடியிலிருந்து பிரிகின்றனவாம். அடியை எண்ணினால் எட்டு, கிளையை எண்ணினால் பத்து, இரண்டு கணக்கும் புத்தகங்களில் இருக்கிறதாம். ரூக்ஸார் சொன்னது சரிதான்க்கா, எந்தக் கணக்குன்னு சேர்த்துச் சொல்லியிருந்தா அவரால வாயத் தொறந்திருக்க முடியாதுன்னாள். அப்பா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, எம்பொண்ணு சரியாத்தான் சொல்லியிருக்குனு நின்றிருந்த அத்தனை பேரிடமும் சொன்னார். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் எனக்காக ஈக்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன், உன் துஆவில் அவளையும் சேர்த்துக்கொள்.

ஒரே புத்தகத்தோடு நீ நின்றதும் தப்புதான், அதையும் சொல்லிவிடுகிறேன். இனி யார் கேட்டாலும் இரண்டு கணக்கையும் சொல்லி, எது வேணும் சார்னு நிமிர்ந்து கேள். அல்லாஹ் உன் நாவுக்கு உறுதி தரட்டும். எண்ணெய் தேய்க்காமல் தலையைக் காயப்போடாதே.

உன் அம்மி,
அஜ்மத் பேகம்

மறுதேர்வு விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். கையெழுத்துப் போட்டுவிட்டாயா இல்லையா, அதைச் சொல் முதலில்.