193ஆம் ஆண்டு, எங்கள் பக்கம்

மச்சான்,

உன்னுடைய நீலக் கொப்பியைத் திறந்தால் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தின் எலுமிச்சை வாசம் இன்னும் அடிக்கிறது. உன் மனைவி அதைப் பாரிஸ் புறநகர் பொண்டியிலிருந்து கொடுத்தனுப்பியிருக்கிறாள். உன் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் நினைவுப் புத்தகத்தில் கடைசி நான்கு பக்கம் மிச்சமாம். தேவாரம் போட்டாயிற்று, வம்சாவளி போட்டாயிற்று, நன்றி நவிலலும் போட்டாயிற்று. "அவர் எழுதினதைப் போடுங்கோ அண்ணை, வேறை என்னத்தைப் போடுறது" என்றாள். இந்த வருஷம் இது எனக்கு மூன்றாவது புத்தகம். உண்மையைச் சொன்னால் அலுத்துப் போய்விட்டது. ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள், நான் எழுத்துப்பிழை திருத்திக்கொண்டே இருக்கிறேன்.

பாரிஸில் ஸ்டாலின்கிராட் மெட்ரோவுக்குப் பக்கத்தில் ஆறு பேர் ஒரே அறையில் கிடந்த காலம். நீயும் நானும் ஒரே ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவினோம். திங்கட்கிழமை லீவு. நாங்கள் போர்த்துக்கொண்டு படுத்திருக்க, நீ அகராதியும் கையுமாக நூலகத்துக்குப் போய்விடுவாய். என்னடா படிக்கிறாய் என்று கேட்டால், "நூற்றித் தொண்ணூற்றி மூண்டாம் ஆண்டு" என்பாய். கிறிஸ்துவுக்குப் பின் 193. உலகத்தில் அந்த ஒரு வருஷம் நடந்ததை முழுக்க எழுதப் போகிறாயாம். "உனக்கென்ன விசரோ?" என்று கேட்டேன். சிரித்தாய்.

ரோமாபுரியில் அந்த வருஷம் அரியணைக்கு ஐந்து பேர். வருஷத் தொடக்கத்தில் வந்தவரை மூன்று மாதத்தில் காவற்படையே கொன்றது. கொன்றவர்கள் அரியணையை ஏலத்தில் விட்டார்கள். எடுத்தவருக்கும் இரண்டு மாதந்தான் ஆயுள். சீனத்தில் ஒரு தளபதி, தகப்பனைக் கொன்றதற்குப் பழிவாங்கப் போய், ஆறு அடைபடும் அளவுக்குச் சனத்தைக் கொன்றான். உருளைக்கிழங்கு உரித்தபடி இதையெல்லாம் நேற்று நடந்ததுபோலச் சொல்லுவாய். கொப்பியில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு தலைப்பு. 'எங்கடை பக்கம்' என்றும் ஒரு தலைப்பு. அதன் கீழே மட்டும் ஒன்றும் இல்லை.

ஏன் இந்த வருஷத்தைப் பிடித்தாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"தேடிப் பாத்தன் மச்சான். அந்த வருசம் எங்கடை பக்கம் ஒண்டும் நடந்ததா ஒருத்தரும் எழுதேல்லை. ஒருத்தரையும் பிடிச்சுக்கொண்டு போகேல்லை. அப்பிடி ஒரு வருசமாவது இருந்திருக்குத்தானே."

டியூசனுக்குப் போன உன் தம்பி வீடு திரும்பாமல் அப்போது ஆறு வருஷம்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். விசா அலுவலாகக் காலையிலிருந்து வரிசையில் நின்ற எரிச்சல் எனக்கு. "எழுத ஆள் மிஞ்சியிருக்காது" என்று சொல்லிவிட்டேன். நீ என்னைப் பார்க்கவில்லை. கத்தியைத் துடைத்து வைத்தாய். "அதுவும் சரிதான்" என்றாய்.

அதற்குப் பிறகு கொப்பியில் ஒரு வரிகூட இல்லை என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. முப்பது வருஷம், மச்சான்! கலியாணம், பிள்ளைகளின் பிறந்தநாள், வீடு குடிபூரல் எல்லாவற்றுக்கும் முதல் ஆளாக என்னைக் கூப்பிட்டாய். இதைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. நானும் கேட்கவில்லை. உனக்கென்று இருந்த ஒரே ஒரு நல்ல வருஷத்தை நான்தான் பறித்தேன். மன்னித்துக்கொள் என்று சொல்ல எத்தனை திங்கட்கிழமை இருந்தது, பாவி நான்.

இன்று லா சப்பலில் அச்சகத்துக்குப் போனேன். கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து நடந்த களைப்பில் கதிரையில் விழுந்தேன். பக்கம் அமைக்கும் பெண் இங்கே பிறந்தவள். திரையைக் காட்டி, "அங்கிள், இஞ்சை தலைப்பு இருக்கு, கீழை ஒண்டும் இல்லை. எடுத்துவிடட்டா?" என்றாள்.

எடுக்க வேண்டாம் என்றேன். ஒரு துண்டுத் தாள் வாங்கி எழுதிக் கொடுத்தேன்: 'அந்த வருஷம் வெளியே போன பிள்ளைகள் எல்லாரும் பொழுதுபடமுன் வீடு திரும்பினார்கள்.'

தட்டி முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "செ வ்ரே, அங்கிள்? உண்மையா நடந்ததோ?"

"ஓம் பிள்ளை," என்றேன். "இல்லையெண்டு ஒருத்தரும் எழுதேல்லை."